பழைய இத்தாலிய ரேஸ் சைக்கிள்: மாடலையும் வயதையும் கண்டுபிடிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசுவது 1950கள் முதல் 1980களின் இறுதிவரை வந்த எஃகு ஃபிரேம் ரேஸ் சைக்கிள்களைப் பற்றி மட்டும். அலுமினியம், கார்பன் பக்கம் போகவில்லை. உறுப்புகளுக்குச் சைக்கிள் கடைகளில் புழங்கும் பெயர்களையே எழுதியிருக்கிறேன்.

ஃபிரேமில் பெயர் பெரிதாக ஒட்டியிருக்கிறது. அதற்குமேல் என்ன வேண்டும்?

ஸ்டிக்கரைக் கடைசியாகப் பாருங்கள். பிரபலமான பழைய இத்தாலியப் பெயர்கள் அநேகமாக எல்லாவற்றுக்கும் இன்று புதிதாக ஸ்டிக்கர் அச்சடித்து விற்கிறார்கள். பெயர் தெரியாத ஃபிரேமுக்குப் புதுப் பெயிண்ட் அடித்து மேலே ‘கோல்னாகோ’ என்று ஒட்ட ஒரு மாலை நேரம் போதும். முதலில் உலோகம், அடுத்து பாகங்கள், அப்புறம்தான் ஸ்டிக்கர். இந்த வரிசையை மாற்றுகிறவர்கள்தான் அதிகமாக ஏமாறுகிறார்கள்.

சீட் டியூபில் (சீட்டிலிருந்து கீழே இறங்கும் குழாயில்) நீலம், சிவப்பு, கறுப்பு, மஞ்சள், பச்சை என்று ஐந்து பட்டைகள் சுற்றியிருந்தால் அது உலக சாம்பியனின் சட்டையில் வரும் வானவில் பட்டை. தங்கள் சைக்கிளில் யாராவது ஒருமுறை உலகப் பட்டம் வென்றாலே போதும், கம்பெனிகள் பிறகு எல்லா மாடலிலும் அதை ஒட்டிக்கொண்டன. ‘காம்பியோனே டெல் மோண்டோ’ என்ற வாசகமும் பல சமயம் அப்படித்தான். மாடல் பெயர் என்று அவசரப்பட வேண்டாம்.

பாட்டம் பிராக்கெட் (பெடல்களின் அச்சு ஓடும் உருளை) அடியில் நம்பர் இருக்கிறது. அதை வைத்து வருடம் சொல்ல முடியுமா?

சில கம்பெனிகளுக்கு முடியும், பெரும்பாலானவற்றுக்கு முடியாது. எல்லா இத்தாலியத் தயாரிப்பாளர்களுக்கும் பொதுவான சீரியல் நம்பர் பட்டியல் என்று ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு பட்டறையும் தன் வசதிக்கு நம்பர் அடித்தது, அல்லது அடிக்காமலே விட்டது. எஃகு காலத்துக் கோல்னாகோக்கள் பலவற்றில் சீரியல் நம்பரே இல்லை. அதனால் நம்பர் இல்லை என்பதற்காகப் போலி என்று முடிவு கட்டக் கூடாது.

இரண்டு இலக்கம் மட்டும் இருந்தால், உதாரணமாக 56, அது 1956ஆம் வருடம் அல்ல. அனேகமாக ஃபிரேமின் அளவு, சென்டிமீட்டரில். சீட் டியூபை அளந்து பாருங்கள். இத்தாலியர்களில் பலர் பாட்டம் பிராக்கெட்டின் நடுவிலிருந்து டாப் டியூபின் (மேலே கிடையாக ஓடும் குழாயின்) நடுவரை அளப்பார்கள், சிலர் மேல் முனைவரை அளப்பார்கள். இரண்டில் ஒன்று 56க்கு ஒத்துவந்தால் சந்தேகம் தீர்ந்தது.

அப்படியானால் ஃபிரேமின் வயதை எதை வைத்துத்தான் சொல்வது?

கேபிள்களும் தண்ணீர் பாட்டிலும் ஃபிரேமில் எப்படி மாட்டப்பட்டிருக்கின்றன என்பதை வைத்து. பாகங்களைக் கழற்றி மாற்றலாம். ஃபிரேமில் பித்தளையோ வெள்ளியோ வைத்துப் பற்றவைத்த சின்னச் சின்னக் கொக்கிகளையும் குமிழ்களையும் மாற்றுவது பெரிய வேலை, யாரும் சும்மா செய்யமாட்டார்கள். அதனால் இதுதான் நம்பகமான சாட்சி.

1970களின் தொடக்கம்வரை நல்ல ரேஸ் ஃபிரேம்கள் ஏறக்குறைய மொட்டையாகவே இருந்தன. பின் பிரேக் கேபிள் டாப் டியூபின்மேல் குரோமியம் பூசிய மூன்று வளையங்களில் ஓடும். கியர் லிவர் டவுன் டியூபில் (ஹேண்டில்பார் பக்கமிருந்து பாட்டம் பிராக்கெட்டுக்குச் சாய்ந்து இறங்கும் குழாயில்) ஒரு பட்டையால் இறுக்கப்பட்டிருக்கும். பாட்டிலைத் தாங்கும் கூடும் கிளிப்பில்தான் நிற்கும். மெல்லிய குழாயைச் சூடாக்கினால் பலம் குறையும் என்ற பயம் பட்டறைக்காரர்களுக்கு இருந்தது. அதனால்தான் தேவையில்லாத எதையும் அவர்கள் பற்றவைக்கவில்லை.

1970களின் நடுவில் டாப் டியூபில் பிரேக் கேபிளுக்கான வழிகாட்டிகள் பற்றவைத்து வரத் தொடங்கின. அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் டவுன் டியூபில் பாட்டில் கூட்டுக்கான இரண்டு திருகுத் துளைகளும் கியர் லிவருக்கான குமிழ்களும் சேர்ந்தன. 1980களின் தொடக்கத்தில் சீட் டியூபிலும் இரண்டாவது பாட்டிலுக்கு இடம் வந்தது, முன் டெரெய்லரை (செயினைப் பல்சக்கரம் மாற்றும் கருவியை) மாட்ட ஒரு சிறு தகடும் வந்தது. அதே சமயத்தில் பாட்டம் பிராக்கெட்டுக்கு மேலாக ஓடிய கியர் கேபிள்கள் அடிப்பக்கம் போயின. 1980களின் நடுவில் பின் பிரேக் கேபிள் டாப் டியூபுக்குள்ளேயே நுழைந்துவிட்டது.

பின்பக்கப் பிரேக் மாட்டும் பாலத்தையும் பாருங்கள். சாதாரண நட்டு வெளியே தெரிந்தால் பழையது. ஆலன் சாவி போட்டு இறுக்கும் நட்டு துளைக்குள் மறைந்திருந்தால் 1970களின் இறுதி அல்லது அதற்குப் பின்.

இந்த வருடங்கள் எல்லாமே சுமாரானவை. வாடிக்கையாளர் கேட்டால் பட்டறை முன்கூட்டியே செய்து கொடுத்திருக்கும். பிடிவாதக்காரப் பட்டறை ஐந்து வருடம் தாமதமாகவும் மாறியிருக்கும். “1976 முதல் 1979வரை” என்று ஒரு இடைவெளி கிடைத்தாலே நல்ல விடை. ‘1977’ என்று அடித்துச் சொல்கிறவரிடம் ஆதாரம் கேளுங்கள்.

பின்சக்கரம் மாட்டும் இடத்தின் அகலம் ஏதாவது சொல்லுமா?

சொல்லும். சக்கரத்தைக் கழற்றிவிட்டு இரண்டு டிராப் அவுட்களின் (சக்கர அச்சு உட்காரும் தகடுகளின்) உட்பக்க இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். 120 மி.மீ. என்றால் ஐந்து பல்சக்கரக் காலம், அதாவது பொதுவாக 1970களின் பிற்பகுதிக்கு முன். 126 மி.மீ. என்றால் ஆறு, ஏழு பல்சக்கரம், 1980களின் இறுதிவரை. 130 மி.மீ. என்றால் எட்டுப் பல்சக்கரம் வந்தபிறகு. ஆனால் எஃகை நெம்பி விரிக்கலாம். பழைய ஃபிரேமில் புதுச் சக்கரம் போட ஆசைப்பட்டவர்கள் இதைச் செய்திருப்பார்கள். அதனால் இதைத் தனிச் சாட்சியாக எடுக்க வேண்டாம்.

பாகங்கள் எல்லாம் காம்பன்யோலோ. அவற்றில் வருடம் இருக்குமா?

இருக்கும், இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதியே இதுதான். விசென்சாவில் துல்லியோ காம்பன்யோலோ 1933இல் தொடங்கிய இந்தக் கம்பெனி பல பாகங்களில் தேதியை முத்திரையாக அடித்துவிட்டுப் போயிருக்கிறது.

பின் டெரெய்லரின் மேல் மூட்டில் ‘பேட்டன்ட்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 74, 78 மாதிரி இரண்டு இலக்கம் இருக்கிறதா பாருங்கள். 1970கள், 1980களின் முற்பகுதி நுவோவோ ரெக்கார்ட், சூப்பர் ரெக்கார்ட் என்ற மாடல் டெரெய்லர்களில் இது வரும். பாகம் தயாரான வருடத்துக்கு அது மிகவும் நெருக்கமானது. அந்த டெரெய்லர் ஒரு ஃபிரேமில் ஏறி, கடையில் விற்க அடுத்த வருடம் ஆகியிருக்கலாம்.

கிராங்கின் (பெடலைத் தாங்கும் கையின்) உட்பக்கத்தில் துடைத்துப் பார்த்தால் ஒற்றை இலக்கம் தெரியலாம். அதைச் சுற்றி சாய்சதுரம் இருந்தால் 1970கள், வட்டம் இருந்தால் 1980கள். சாய்சதுரத்துக்குள் 6 என்றால் 1976. முத்திரையே இல்லாத ரெக்கார்ட் கிராங்க் பெரும்பாலும் 1973க்கு முந்தையது.

ரெக்கார்ட் ஹப்பின் (சக்கரத்தின் நடு உருளையின்) அச்சு முனையில் இருக்கும் லாக் நட்டிலும் சி-ஏ-எம் என்ற மூன்று எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். கிரீஸும் தூசியும் மூடியிருப்பதால் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. பழைய டூத் பிரஷ் போதும்.

முத்திரை தேய்ந்துபோயிருந்தால் அளவு கைகொடுக்கும். முன் பல்சக்கரத்தைப் பிடிக்கும் ஐந்து போல்ட்களில் அடுத்தடுத்த இரண்டின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து பாருங்கள். சுமார் 88.8 மி.மீ. வந்தால் அது 151 மி.மீ. வட்டத்தில் அமைந்த பழைய ரெக்கார்ட், 1967க்கு முன். 84.6 மி.மீ. என்றால் 144 மி.மீ. வட்டம், அதற்குப் பிந்தையது. 79.4 மி.மீ. என்றால் 135 மி.மீ. வட்டம், 1980களின் நடுவில் வந்த புதுத் தலைமுறை.

மாடல்களின் வருடம் தெரிந்திருந்தாலும் உதவும். கிரான் ஸ்போர்ட் டெரெய்லர் 1950களின் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்தது. அலுமினிய உடல் கொண்ட நுவோவோ ரெக்கார்ட் 1967. கறுப்பு பூசிய பாகங்களோடு சூப்பர் ரெக்கார்ட் 1970களின் முற்பகுதி. கம்பெனிக்கு ஐம்பது வயதானதை ஒட்டி 1983இல் ஒரு சிறப்பு வரிசை வந்தது. சி-ரெக்கார்டும், பார்க்க அழகாகவும் பிடிக்கச் சோம்பலாகவும் இருக்கும் டெல்டா பிரேக்கும் 1980களின் நடுவில்.

டெரெய்லர் 82 என்கிறது, கிராங்க் 76 என்கிறது. எதை நம்ப?

இரண்டையும் நம்பலாம், ஆனால் இரண்டுமே ஃபிரேமைப் பற்றிப் பேசவில்லை. அந்தக் காலத்தில் பலரும் ஃபிரேமைத் தனியாக வாங்கி, பழைய சைக்கிளின் பாகங்களை அதில் மாற்றிப் போட்டார்கள். விழுந்து உடைந்த டெரெய்லருக்குப் பதில் புதியது வந்திருக்கும். செயின், பல்சக்கரம், டயர் எல்லாம் தேய்கிற சாமான், அவற்றை வைத்து வயது பார்க்கவே வேண்டாம்.

கழற்ற எரிச்சலான பாகங்களுக்கு அதிக மதிப்பு கொடுங்கள்: ஹெட்செட் (ஃபிரேமின் முன்புறம் ஹேண்டில்பார் திரும்பும் பேரிங்), பாட்டம் பிராக்கெட் கிண்ணங்கள், கிராங்க். மூன்று நான்கு பாகங்களின் தேதி இரண்டு வருட இடைவெளிக்குள் ஒன்றாகச் சேர்ந்து, ஃபிரேமின் கொக்கிகளும் அதே காலத்தைச் சொன்னால் சைக்கிள் பெரும்பாலும் அன்று பிறந்தபடியே இருக்கிறது. ஒரு பாகம் மட்டும் விலகி நின்றால் அது பிற்பாடு வந்தது.

கொலம்பஸ் ஸ்டிக்கர் கிழிந்துவிட்டது. குழாய் என்னவென்று தெரிந்துகொள்ள வழி உண்டா?

கொலம்பஸ் மிலானைச் சேர்ந்த குழாய்க் கம்பெனி, 1919இல் தொடங்கியது. நல்ல இத்தாலிய ஃபிரேம்களில் பெரும்பாலானவை இவர்கள் குழாய்தான். ஃபோர்க்கை (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவையை) கழற்றினால், ஃபிரேமுக்குள் போகும் அதன் ஸ்டீரர் குழாயில் புறாச் சின்னம் அழுத்தியிருக்கும்.

அடுத்து சீட் போஸ்ட் (சீட்டைத் தாங்கும் தண்டு) விட்டம். 27.2 மி.மீ. என்றால் மெல்லிய சுவர் கொண்ட எஸ்.எல். வகையாக இருக்க நல்ல வாய்ப்பு. 27.0 என்றால் பெரிய உடம்புக்காரர்களுக்கும் பெரிய ஃபிரேமுக்கும் போட்ட தடித்த எஸ்.பி.யாக இருக்கலாம். 26.4, 26.6 என்று இறங்கினால் விலை குறைந்த குழாய். பாட்டம் பிராக்கெட்டைக் கழற்றியிருந்தால் விரலை உள்ளே விட்டு, டவுன் டியூபும் சீட் டியூபும் வந்து சேரும் வாயைத் தடவிப் பாருங்கள். திருகு போல் சுற்றிச் செல்லும் மேடுகள் தட்டுப்பட்டால் எஸ்.எல்.எக்ஸ். வகை. அது 1980களில் வந்தது. ஆக ஒரே தடவலில் குழாயும் காலமும் கிடைத்துவிடும்.

இது இத்தாலியில்தான் செய்யப்பட்டதா என்று எப்படி உறுதிசெய்வது?

பாட்டம் பிராக்கெட் உருளையின் அகலத்தை அளந்து பாருங்கள். இத்தாலிய மரபில் 70 மி.மீ., மரை 36×24 (விட்டம் 36 மி.மீ., அங்குலத்துக்கு 24 சுற்று), இரண்டு பக்கமும் வலஞ்சுழி. ஆங்கிலேய மரபில் 68 மி.மீ., செயின் பக்கம் இடஞ்சுழி. 70 வந்தால் இத்தாலிய மரபு என்று நம்பலாம். 68 வந்தால் மட்டும் நிராகரித்துவிடாதீர்கள். பியாங்கி போன்ற பெரிய கம்பெனிகள் ஏற்றுமதிக்கு ஆங்கிலேய மரையும் போட்டார்கள்.

இத்தாலியப் பெயர் இருந்தாலே இத்தாலியில் செய்தது என்றும் ஆகாது. மிலானின் விகொரெல்லி சைக்கிள் பந்தயத் தடத்துக்கு அடியில் பட்டறை வைத்திருந்த ஃபலியேரோ மாசியின் பெயரில் 1970களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவிலும் ஃபிரேம்கள் செய்யப்பட்டன. அவையும் அருமையான வேலைதான், மதிப்பும் குறைவில்லை. பெனோத்தோ கம்பெனி மெக்சிகோவுக்குப் போனது. 1980களின் அமெரிக்கச் சந்தைப் பியாங்கிகளில் ஜப்பானில் செய்தவையும் உண்டு.

ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி அடையாளம் ஏதாவது உண்டா?

எல்லாவற்றையும் சொல்ல இடம் போதாது. அதிகமாகக் கண்ணில் படுகிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

பியாங்கி என்றதும் எல்லோரும் அந்த வெளிர் நீலப்பச்சையைச் சொல்வார்கள். அதன் பெயர் செலெஸ்தே. ஆனால் நிறம் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது, சில நேரம் நீலம் தூக்கலாக, சில நேரம் பச்சை தூக்கலாக. ஃபௌஸ்டோ கோப்பி 1949இலும் 1952இலும் டூர் டி பிரான்ஸ் வென்றது பியாங்கியில்தான் என்பதால் செலெஸ்தே நிறம் கண்டதெல்லாம் ‘கோப்பி சைக்கிள்’ என்று விற்கப்படுகிறது. மார்க்கெட்டுக்குப் போகச் செய்த சாதாரண மாடல்களுக்கும் அதே பெயிண்ட்தான் அடித்தார்கள்.

கோல்னாகோவின் குளோவர் இலைச் சின்னம் 1970இல் மிகேலே தன்செல்லி மிலான்–சான் ரெமோ பந்தயத்தை வென்ற பிறகு வந்தது. ஆகவே குளோவர் இருந்தால் அதற்குப் பின். அது ஸ்டிக்கராக மட்டும் இருந்தால் ஒன்றும் சொல்ல முடியாது. ஃபோர்க் கிரௌனிலும் (ஃபோர்க்கின் தோளிலும்) லக்கிலும் (குழாய்களை இணைக்கும் மூட்டிலும்) வெட்டியோ செதுக்கியோ இருந்தால்தான் பொருள். ‘மெக்சிகோ’ மாடலின் பெயர், பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் 1972 அக்டோபர் 25 அன்று மெக்சிகோ சிட்டியில் ஒரு மணி நேரத்தில் 49.431 கி.மீ. ஓட்டிய சாதனையை ஒட்டியது. ‘மாஸ்டர்’ மாடலைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம்: குழாய்கள் வட்டமாக இல்லாமல் பள்ளம் விழுந்து, குறுக்கு வெட்டில் நட்சத்திரம்போல் இருக்கும். அது 1980களில் வந்தது. வளைவே இல்லாத நேர் ஃபோர்க் அந்தப் பத்தாண்டின் இறுதி.

சினெல்லியில் முழுக்கச் சரிந்து இறங்கும் ஃபோர்க் கிரௌனைப் பாருங்கள். இன்னொரு வசதி, அவர்களுடைய சின்னம் 1979வாக்கில் மாறியது. பழைய கேடய வடிவச் சின்னம் போய் இறக்கை வைத்த ‘சி’ எழுத்து வந்தது. சினெல்லி ஹேண்டில்பாரும் ஸ்டெமும் (ஹேண்டில்பாரைப் பிடிக்கும் தண்டும்) வேறு கம்பெனி சைக்கிள்களிலும் ஏராளம். அதனால் எந்த இத்தாலிய சைக்கிளானாலும் ஸ்டெமைத் திருப்பிப் பாருங்கள், ஒரு காலக்குறிப்பு இலவசமாகக் கிடைக்கும்.

லென்யானோவைக் கண்டுபிடிக்க ஸ்டிக்கரே வேண்டாம். சீட் போஸ்ட்டை இறுக்கும் போல்ட், மற்ற சைக்கிள்களில்போலப் பின்பக்கம் இல்லாமல், முன்பக்கம் லக்கிலேயே இருக்கும். பச்சை நிறமும், வாள் உயர்த்திய வீரன் சின்னமும் துணைக்கு.

பினரெல்லோவில் ஜி.பி.டி. என்ற மூன்று எழுத்துகள் செதுக்கியிருக்கும்: ஜியோவன்னி பினரெல்லோ, த்ரெவிசோ. ஜியோஸ் என்றால் அடர் நீலம், 1970களின் புரூக்ளின் சைக்கிள் பந்தய அணியின் புகழ். டி ரோசா என்றால் இதயச் சின்னம்.

பாகங்கள் எல்லாவற்றிலும் ‘பிரெவ்.’ என்று இருக்கிறதே, அது யார் கம்பெனி?

கம்பெனி இல்லை. காப்புரிமை பெற்றது என்பதற்கான இத்தாலியச் சுருக்கம்.

பெரிய பெயர்தான், ஆனால் மலிவு மாடலாக இருக்குமோ என்று சந்தேகம்.

பின் டிராப் அவுட்டைப் பாருங்கள். தடித்து, அடித்து உருவாக்கிய தகடாக, காம்பன்யோலோ பெயரோடு, டெரெய்லர் மாட்டும் காது அதோடு சேர்ந்தே இருந்தால் ரேஸ் தரம். மெல்லிய தகட்டை வெட்டிச் செய்ததாக, டெரெய்லர் தனிக் கொக்கியில் தொங்கினால் கீழ்த் தர மாடல். கிராங்கில் காட்டர் பின் (கிராங்கை அச்சோடு இறுக்கும் ஆப்பு) அடித்திருந்தால் 1950களுக்கு அது சாதாரணம். 1970களின் சைக்கிளில் இருந்தால் மலிவு மாடல். மட்கார்டு மாட்டும் துளைகளை வைத்து மட்டும் குறைத்துப் பேசாதீர்கள், பழைய நல்ல ரேஸ் ஃபிரேம்களிலும் அவை உண்டு.

எந்த அடையாளமும் கிடைக்கவில்லை. என்ன செய்ய?

இது நடக்கும், அடிக்கடி நடக்கும். வடக்கு இத்தாலியில் ஊருக்கு ஊர் சின்னப் பட்டறைகள் இருந்தன. அவர்களில் பலர் பெரிய கம்பெனிகளுக்கும் கூலிக்கு ஃபிரேம் செய்து கொடுத்தார்கள், சைக்கிள் கடைகளின் பெயரிலும் செய்து கொடுத்தார்கள். ‘கொலம்பஸ் எஸ்.எல். குழாய், 1978–81, இத்தாலி, தயாரிப்பாளர் தெரியவில்லை’ என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நேர்மையான விவரம் அது. இதன் மேல் ஒரு பிரபல பெயரை ஒட்டி விற்பதைவிட எவ்வளவோ மேல்.

வருடத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன்?

விலை ஒரு காரணம். இன்னொன்று, பழைய சைக்கிள்களுக்கான சவாரிகள். தஸ்கனியின் கயோலே இன் கியான்தியில் 1997 முதல் நடக்கும் லெரோய்கா சவாரியில் 1987க்கு முன் செய்த ரேஸ் சைக்கிள்தான் வேண்டும். கியர் லிவர் டவுன் டியூபில் இருக்க வேண்டும், பெடலில் கால் கூண்டும் வாரும் இருக்க வேண்டும், பிரேக் கேபிள் ஹேண்டில்பாருக்கு வெளியே வளைந்து போக வேண்டும். அந்த மூன்றும், வயது தெரியாத சைக்கிளில் ‘இது பழைய அமைப்பா’ என்று சட்டென்று பார்க்கவும் உதவும்.

அழுக்காக இருக்கிறது. புதுப் பெயிண்ட் அடித்துவிட்டுப் பார்க்கலாமா?

வேண்டவே வேண்டாம். கண்டுபிடிக்கும் வேலை முடியும்வரை பெயிண்டைத் தொடாதீர்கள். தின்னர், பெட்ரோல் பக்கமே போகாதீர்கள், பழைய ஸ்டிக்கர் கரைந்து கையோடு வந்துவிடும். மிதமான சோப்பு நீரும் மெல்லிய துணியும் போதும். ஏற்கெனவே யாராவது பெயிண்ட் அடித்திருக்கிறார்களா என்று பார்க்க, செதுக்கிய எழுத்துகளின் பள்ளமும் சீரியல் நம்பரும் பெயிண்டால் மொழுகியிருக்கிறதா, பாட்டம் பிராக்கெட் மரையில் பெயிண்ட் ஒட்டியிருக்கிறதா என்று கவனியுங்கள்.

விஷயம் தெரிந்தவரிடம் காட்ட என்னென்ன படம் எடுக்க வேண்டும்?

செயின் பக்கமிருந்து முழுச் சைக்கிள் ஒன்று, வெயிலில் இல்லாமல் நிழலில். அப்புறம் நெருக்கமாக: பாட்டம் பிராக்கெட்டின் அடிப்பக்கம், ஃபோர்க் கிரௌன், சீட் லக் இரண்டு பக்கமும், பின் டிராப் அவுட், டாப் டியூபில் கேபிள் போகும் விதம், டெரெய்லரின் மேல் மூட்டு, கிராங்கின் உட்பக்கம். அளவுகளைத் தாளில் எழுதி அனுப்புங்கள். ஹேண்டில்பாரின் அழகான படம் பத்து வந்தாலும் யாருக்கும் பயனில்லை.

சீட் போஸ்ட் துருவில் சிக்கிக்கொண்டது, அளவு பார்க்க முடியவில்லை.

வெளியே தெரியும் பகுதியைக் காலிப்பரால் இரண்டு மூன்று திசையில் அளந்து பாருங்கள். கீறலும் தேய்மானமும் இல்லாத இடமாகப் பார்த்து வையுங்கள். சீட்டைத் திருப்பிப் பலவந்தமாக முறுக்க வேண்டாம். அலுமினியமும் எஃகும் ஒட்டிப் பிடித்திருக்கும்போது மெல்லிய சீட் டியூப்தான் முதலில் கிழியும். இளக்கும் எண்ணெயைப் போஸ்ட்டைச் சுற்றி விட்டு, சில நாள் பொறுத்து, நல்ல கைப்பழக்கம் உள்ள மெக்கானிக்கிடம் கொண்டு போங்கள்.